அம்முலுவுக்குத் தெரியாத வாடை

வீட்டுக்குள் எலி செத்த வாடை அடித்தது. வேதாசலம் நெல் மூட்டைகளை ஒவ்வொன்றாக இறக்கினான், பரண்மேல் ஏறினான், பீரோவை நகர்த்திச் சுவரோரம் மோந்து பார்த்தான். மனைவி அம்முலு துடைப்பத்தோடு பின்னாலேயே வந்தாள்.

"எனக்கு ஒண்ணும் தெர்லய்யா. மூக்கு அட்ச்சிக்கினே கீது."

அவள் அடுப்படிக்குப் போனதும் வாடை குறைந்தது. டீயை நீட்டிக்கொண்டு அவள் குனிந்தபோது, பூட்டிக் கிடந்த அறையைத் திறந்தாற்போல அது அவன் முகத்தில் மோதியது. அவன் தம்ளரை வாங்காமல் எழுந்து வெளியே போய்விட்டான்.

அவளிடம் சொல்லவில்லை. மகள் பூஜாவைப் பெண் பார்க்க மதுராந்தகத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தார்கள்.

"ஏரிப் பக்கம் மோட்டார் ஒயர திருடறானுங்களாம். கொஞ்ச நாளு நீ பம்புசெட்டு கொட்டாய்ல படுத்துக்க."

"பொம்பள நான் போயா காவல் காக்கறது?" என்று சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. அவள் பாயைச் சுருட்டிக்கொண்டாள்.

பெண் பார்க்க வந்தவர்களிடம் அம்முலுவுக்கு ஜுரம் என்றான்.

அவளுக்குச் சோறு கொண்டுபோகும்போதெல்லாம் காற்று வரும் பக்கமாக நின்றுகொள்வான். தகரச் சுவருக்கு அப்பால் அவள் மூச்சு விடுவது, ஈரத் துணியை மெல்லக் கிழிப்பதுபோலக் கேட்கும். பேச்சு மூக்கால் வர ஆரம்பித்தது. கஞ்சி குடித்தால் மூக்கில் வெள்ளையாக வழிந்தது. "பொரை ஏறிச்சி," என்று முந்தானையால் துடைத்துக்கொண்டாள். அவன் பார்க்காததுபோல் வரப்பில் நடந்தான். சோப்புப் போட்டுக் கழுவிய வீட்டிலும், சட்டையிலும், தன் உள்ளங்கையிலும் அந்த வாடை இருப்பதாக அவனுக்குத் தோன்றியது.

மூக்கிலிருந்து ரத்தம் கொட்டிய அன்று பூஜாதான் அழுது ஆர்ப்பாட்டம் செய்து அவளைக் காஞ்சிபுரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வைத்தாள். சதையெடுத்துச் சோதித்தார்கள். ரிசல்ட் வந்ததும் டாக்டர் புருஷன் பெண்டாட்டி இருவரையும் உட்காரச் சொன்னார்.

"லிம்போமான்னு ஒரு புற்றுநோய். பெரும்பாலும் கழுத்துல, அக்குள்ல நெறி கட்டித்தான் தெரியவரும். இவங்களுக்கு மூக்குக்குள்ளயே வந்திருக்கு. மேலண்ணத்தையும் அரிக்க ஆரம்பிச்சிருச்சு. நாளைக்கே அட்மிட் ஆகணும்." அவனைப் பார்த்தார். "வாடை எத்தனை நாளா இருக்கு?"

"ஒரு வாரமா," என்று குறைத்துச் சொன்னான் வேதாசலம்.

அம்முலு திரும்பினாள்.

"வாடையா?"

வேதாசலம் ரிசல்ட் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான்.

பஸ்ஸில் அவள் வேறு சீட்டில் போய் உட்கார்ந்தாள். உத்திரமேரூர் வரைக்கும் முந்தானையை மூக்கிலிருந்து எடுக்கவில்லை. ஊரில் இறங்கியதும் கொட்டகைப் பக்கம் நடந்தாள்.

"வூட்டுக்கு வா அம்முலு."

"வாணாம். பொண்ணு கீது."

அவன் பின்னாலேயே போனான். இருட்டிக்கொண்டு வந்தது. கட்டிலில் உட்கார்ந்து அவள் முந்தானையை விலக்கினாள். இந்த முறை அவன் தள்ளி நிற்கவில்லை.

"மேல காத்து பூந்து பூந்து வருது. நாக்க வச்சா தடுக்கல. இன்னான்னு பாரு."

செல்போன் வெளிச்சத்தைப் போட்டான். அவள் வாயைத் திறந்தாள்.

பல். நாக்கு. மேலே அண்ணம் இல்லை.

கறுப்பு.

கையைச் சாய்த்தான். வெளிச்சம் உள்ளே போனது. போய்க்கொண்டே இருந்தது.

நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான்.

இரண்டு மூக்குத் துளைகளும் விளக்குப்போல எரிந்தன. சிவப்பாக. உள்ளேயிருந்து.

திறந்த வாய் திறந்தபடியே இருக்க, அந்த வெளிச்சத்திலிருந்து அவள் குரல் வந்தது.

"இன்னாய்யா தெரியுது?"