அலமாரிக்குள் வாண்டு

பளிச்சென்று மின்னல் வெட்டியதுதான் தாமதம், வாண்டு துணி அலமாரிக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டான்.

"என்னடா ஆச்சு? போன மழைக்கு ஜன்னல்ல தொங்கிட்டு இருந்தியே!" தையல் இயந்திரத்தை நிறுத்திவிட்டு அம்மா கேட்டார். அலமாரிக் கதவு இன்னும் இறுக மூடிக்கொண்டது.

அக்காவுக்குக் காரணம் தெரியும். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்றுதான் தெரியவில்லை.

காலையில் அம்மா கடைக்குப் போயிருந்தபோது, அக்கா பொம்மைக்குப் பாவாடை தைக்க ஆசைப்பட்டாள். யாரோ தைக்கக் கொடுத்திருந்த பச்சைத் துணியின் ஓரத்தில் சின்னதாக ஒரு துண்டு வெட்டினாள். துணி மடித்திருந்ததை மறந்துவிட்டாள். விரித்துப் பார்த்தால் நட்டநடுவில் ஓட்டை! தம்பி வாண்டு அதைப் பார்த்துவிட்டான்.

"அம்மாகிட்ட சொன்னே, மின்னல் உன்னைத் தேடி வரும்!" என்று மிரட்டி வைத்தாள்.

இப்போது அலமாரியைத் திறந்தாள். துணிக்குவியலுக்குள் இரண்டு கண்கள் மட்டும் தெரிந்தன.

"நான் யார்கிட்டயும் சொல்லலக்கா! அப்புறம் ஏன் வருது?" என்று தேம்பினான்.

வெட்கத்தில் அவளுக்குக் காதெல்லாம் சுட்டது.

"மின்னல் யாரையும் தேடி வராதுடா. மேகத்துக்குள்ள குட்டிக் குட்டிப் பனித்துண்டுங்க மோதி உரசிக்கும். அதுல மின்சாரம் சேரும். ரொம்பச் சேர்ந்ததும் ஒரே பாய்ச்சலா பாயும். குளிர் காலத்துல கம்பளிச் சட்டையைக் கழட்டும்போது படபடன்னு பொறி வந்துச்சே? இது அதோட பெரியண்ணன். வீட்டுக்குள்ள நமக்குப் பயமில்ல."

வாண்டு மூக்கை உறிஞ்சினான். "இது நிஜமா? இல்ல, காலையில சொன்ன மாதிரியா?"

அவளுக்குச் சுருக்கென்றது. "நிஜம்டா."

"அப்போ அம்மாகிட்ட சொல்லலாமா?"

"நீ வேண்டாம். நானே சொல்றேன்."

தரையைப் பார்த்தபடி எல்லாவற்றையும் சொன்னாள். அம்மா பச்சைத் துணியை விரித்தார். ஓட்டை வழியாக அவருடைய ஒரு கண் தெரிந்தது. வேறு நாளாக இருந்தால் அவள் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள்.

"துணியை எப்படியாவது சரிபண்ணலாம். சின்னப் பிள்ளையை இப்படியா பயமுறுத்துவே?"

"தப்புதாம்மா. துணி குடுத்தவங்ககிட்டயும் நானே சொல்லிடறேன்." குரல் அவளுக்கே கேட்கவில்லை.

மறுபடி மின்னியது. வாண்டு மெல்ல வெளியே வந்து அவளை ஒட்டி உட்கார்ந்தான்.

"அக்கா, உரசிக்கிறாங்க!"

இடி வருவதற்குள் அவன் காதுகளை அவள் பொத்தினாள். அவன் எட்டி, அவள் காதுகளைப் பொத்தினான்.