அசையாத தொண்ணூறு

திரையில் தொண்ணூறு என்ற எண் அசையாமல் நின்றது. ஃபிட்டருக்கு முதலில் உறுத்தியது அதுதான். எண்ணெய் அழுத்தம் கைகட்டி நிற்கிற சமாச்சாரமா என்ன? எண்பத்தொன்பதாகும், தொண்ணூற்றொன்றாகும், கடைசி இலக்கம் துள்ளிக்கொண்டே இருக்கும். இதுவோ சுவரில் வரைந்து வைத்ததுபோல நின்றது.

“என்ன மாப்ள, ஆடவே மாட்டேங்குது?”

“நல்லா செட் பண்ணிட்டேன் மச்சான். ஆடினாலும் குறை, ஆடலைன்னாலும் குறையா?” கட்டுப்பாட்டுப் பெட்டியின் முன் உட்கார்ந்திருந்த தங்கை புருஷன் சிரித்தான். ஃபிட்டரும் சிரித்துவிட்டார்.

விடுமுறை நாளின் மதியம். தொழிற்சாலையின் அவ்வளவு பெரிய கூடத்தில் அவர்கள் இருவரும் இரும்புத் தகடுகளை அழுத்தி வளைக்கிற அந்தப் பிரஸ்ஸும் மட்டும். தூசி படிந்த கூரைக் கண்ணாடி வழியாக வெளிச்சம் பழுப்பாக இறங்கிக்கொண்டிருந்தது. பிரஸ்ஸின் மேல்தட்டு ஒரு லாரியின் எடை. சிலிண்டர்களுக்குள் இருக்கிற எண்ணெய்தான் அதைத் தூக்கிப் பிடித்திருந்தது. அந்த எண்ணெய்க்கு எவ்வளவு அழுத்தம் என்று தீர்மானிப்பது கைக்கு அடக்கமான ஒரு வால்வு. பெட்டியிலுள்ள திருகைத் திருப்பி மின்சாரத்தைக் கூட்டினால் அழுத்தம் ஏறும், குறைத்தால் இறங்கும். ஆனால் வால்வுக்குச் சொன்னால் மட்டும் போதாது. சூட்டில் எண்ணெய் நீர்த்துப்போகும், எங்காவது கசியும், சொன்ன தொண்ணூறு சத்தமில்லாமல் எழுபதாகிவிடும். அதற்காகத்தான் சென்சார். நிஜத்தில் எவ்வளவு இருக்கிறது என்று அது அளந்து சொல்லும், குறைந்ததைப் பெட்டி தானே ஈடுகட்டும். பழைய சென்சார் பழுதானபோது புதியதை வாங்கிக்கொண்டு போனவன் மாப்பிள்ளைதான். “மாட்டியாச்சு மச்சான்” என்றான். அதற்குமேல் இவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

முட்டு இரும்புகள் சுவரோரம் சாய்ந்திருந்தன. தட்டுக்கு அடியில் போகிறவர் நான்கு மூலையிலும் அவற்றை நிறுத்திவிட்டுத்தான் போகவேண்டும் என்பது எல்லோருக்கும் உள்ள விதி. இவர்கள் இருவருக்கு மட்டும் தனி விதி. உள்ளே இருப்பவர் “எவ்வளவு?” என்று கேட்பார், வெளியே இருப்பவர் எண்ணைப் பார்த்துச் சொல்வார். இந்த வேலையில் அவனைச் சேர்த்துவிட்டதும் தங்கையைக் கட்டிக்கொடுத்ததும் இவர்தான். இரும்பை நம்புவதைவிட என் மாப்பிள்ளையை நம்புவேன் என்று ஊரெல்லாம் பெருமையடித்துக்கொண்டவரும் இவர்தான்.

எங்கோ எண்ணெய் கசிந்தது. அழுத்தம் இருக்கும்போதுதான் கசிவு கண்ணுக்குப் படும். டார்ச்சையும் ஸ்பேனரையும் எடுத்துக்கொண்டு மல்லாந்து உள்ளே நகர்ந்தார். படுத்ததும் வழக்கம்போல ஸ்பேனரைப் பக்கத்தில் செங்குத்தாக நிறுத்தி வைத்தார். அதன் தலைக்கும் மேல்தட்டுக்கும் நடுவே ஒரு கையை நுழைக்க இடம் இருந்தது.

“எவ்வளவு மாப்ள?”

“தொண்ணூறு.”

உள்ளே சூடான எண்ணெயின் நாற்றம் தொண்டையில் படிந்தது. பம்பின் முனகல் தரை வழியாக ஏறி முதுகெலும்பில் அதிர்ந்தது. அதற்கு நடுவே எங்கோ தலைமாட்டில், சொட்டு, பிறகு நீண்ட இடைவெளி, பிறகு சொட்டு. முகத்தில் விழுந்ததைத் துடைத்துக்கொண்டு, வெளிச்சத்தைக் குழாய் குழாயாக நகர்த்தி, சொட்டு கிளம்புகிற இடத்தைத் தேடினார்.

“எவ்வளவு?”

“தொண்ணூறு.”

கிடைத்துவிட்டது. சென்சார் மாட்டுகிற துளை. ஆனால் அங்கே சென்சார் இல்லை. இரும்புப் பிளக் ஒன்று துளையை அடைத்திருந்தது, அதன் கழுத்தில் சுற்றிய டேப்பின் வழியாக எண்ணெய் கசிந்துகொண்டிருந்தது. டேப்பின் நுனியை மடித்து உள்ளே செருகியிருந்தது. அப்படிச் செருகுகிறவன் இந்தத் தொழிற்சாலையிலேயே ஒருவன்தான். பிளக்கின் தலையில் தூசி கனமாகப் படிந்திருந்தது. நேற்று வைத்ததல்ல அது.

அப்படியென்றால் திரையில் நிற்பது இருக்கிற அழுத்தம் இல்லை. திருகு வால்விடம் கேட்ட அழுத்தம். இத்தனை நாளும் எத்தனை முறை இதற்கு அடியில் படுத்து, “எவ்வளவு” என்று கேட்டு, அவன் குரலைக் கேட்டதும் நிம்மதியாக வேலை பார்த்திருக்கிறார்! பயத்தைவிட முதலில் வந்தது அழுகைதான். ஏன்டா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முட்டு வைத்திருப்பேனே. அவ்வளவுதானே?

“மாப்ள... சென்சார் எங்கடா?”

“தொண்ணூறு.”

அவர் எவ்வளவு என்று கேட்கவில்லை.

ஸ்பேனரை எடுக்கக் கையை நீட்டினார். வரவில்லை. இழுத்தார். அதன் தலை மேல்தட்டில் இறுகியிருந்தது.

வெளியே வர முழங்காலை மடக்கி உந்தவேண்டும். மடக்கினார். பாதி மடங்குவதற்குள் முழங்கால் சில்லென்று இரும்பைத் தொட்டது.

“இறங்குது மாப்ள! திருகை ஏத்து! ஒரு சுத்து ஏத்துடா போதும்!”

“தொண்ணூறு.”

அதே குரல். அதே ஏற்றம், அதே இறக்கம். பரிவான குரல்.

ஸ்பேனர் கீச்சிட்டது. சாய்ந்தது. துள்ளி எங்கோ போய் விழுந்தது. டார்ச் கையிலிருந்து உருண்டு, திறந்த பக்கத்தில் போய் நின்றது. மூச்சை இழுத்தால் சட்டைப் பொத்தான் தட்டில் உரசியது.

அப்போது காலடிச் சத்தம் கேட்டது. டார்ச் வெளிச்சத்தில் மாப்பிள்ளையின் காலணிகள் தெரிந்தன. பெட்டியை விட்டு எழுந்து வந்துவிட்டான். என் தங்கச்சி புருஷன். வந்துவிட்டான்.

“மாப்ள, இங்க எதுக்கு வந்த, அங்க போ. திருகு. திருகைத் திருப்பு.”

காலணிகள் நின்றன. முழங்கால்கள் தரையில் ஊன்றின. பிறகு கைகள். பிறகு அவன் கன்னத்தைத் தரையோடு வைத்து உள்ளே பார்த்தான். வீட்டில் ஏதாவது சொன்னால் தலையைச் சாய்த்துக் கேட்பானே, அதே சாய்ப்பு.

“உனக்கு நான் என்னடா குறை வெச்சேன்? அவ கேட்டா என்ன சொல்லுவ?”

அவன் கண் சிமிட்டவில்லை. உதடுகள் ஒட்டியிருந்தன.

“தொண்ணூறு.”

குரல் பெட்டியின் பக்கமிருந்து வந்தது.

ஃபிட்டர் அந்த உதடுகளையே பார்த்தார். மூடியிருந்தன. தட்டு மார்பில் வந்து அமர்ந்தது, மெதுவாக, அவசரமே இல்லாமல். கத்த மூச்சு இல்லை. விரல்களை மட்டும் அவன் பக்கம் நீட்டினார்.

மாப்பிள்ளை கையை நீட்டினான். விரல்களைத் தாண்டி டார்ச்சை எடுத்தான். வேலை முடிந்ததும் பேட்டரி வீணாகக்கூடாது என்று அணைப்பானே, அப்படி அணைத்தான்.

இருட்டில் அவனுடைய மூச்சு இவர் விரல்களில் வெதுவெதுப்பாகப் பட்டுக்கொண்டிருந்தது. விலகவில்லை. தூரத்தில், ஆளில்லாத பெட்டியின் முன்னாலிருந்து, அவன் குரல் பரிவோடு சொன்னது.

“தொண்ணூறு.”