ஏழாம் படுக்கையின் பசி

மூன்றாவது மாடிப் பெண்கள் வார்டுக்கு என்னை மாற்றிய அன்று காலை, சாப்பாட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு லிஃப்டிலிருந்து வெளியே வந்தேன். நீளமான கூடம், எட்டுப் படுக்கை. பழைய கட்டடம், அதனால் ஜன்னல்கள் ஆள் உயரத்துக்கு மேலே இருந்தன. வெளிச்சம் சுவரின் மேல்பாதியிலேயே நின்றுவிடும், கீழே இறங்காது. பட்டப்பகலிலும் படுக்கைகளுக்கு அடியில் இருட்டு தேங்கிக் கிடக்கும்.

"வாங்க அக்கா, வாங்க! உங்க வண்டிச் சத்தம் கேட்டதுமே எனக்கு வாய் ஊறிடுச்சு" என்று சிரித்தபடி எதிரே வந்தவள்தான் சின்ன சிஸ்டர்.

அங்கே பகல் வேலைக்கு இரண்டு நர்ஸுகள். பெரிய சிஸ்டர் காய்ந்த குச்சி மாதிரி இருப்பார். சின்ன சிஸ்டர் நல்ல பருமன். வயதை வைத்து வந்த பேர்தான், ஆனாலும் யார் கூப்பிட்டாலும் அதோடு ஒரு நமட்டுச் சிரிப்பு ஒட்டிக்கொண்டு வரும். அவளும் சேர்ந்து சிரிப்பாள். "பேர்லயாவது சின்னதா இருந்துட்டுப் போறேனே, உங்களுக்கு என்ன வந்துச்சு?" என்பாள்.

கண்ணுகளா, சேர்ந்து சிரிக்கிறவர்களுக்கு வலிக்காது என்று நினைத்துவிடாதீர்கள்.

ஒருநாள் நான் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றாள். "நேத்து என் பொண்ணு சொல்றா அக்கா, ஸ்கூலுக்கு நீ வராதம்மா, அப்பாவை வரச்சொல்லுன்னு. ஏன்டின்னு கேட்டேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டா. ஆறு வயசு அக்கா அதுக்கு."

நான் ஏதோ சமாதானம் சொன்னேன். அது அவள் காதில் விழவேயில்லை.

அப்போது ஏழாம் படுக்கையில் ஒரு டீச்சர் இருந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். சுகர், கூடவே இதயக் கோளாறு. சுகருக்காக வாரம் ஒருமுறை வயிற்றில் ஒரு ஊசி. பேனா மாதிரி இருக்கும், ஒரு பேனாவில் நாலு வாரத்து மருந்து. பசியையும் அடக்கும் என்றார்கள். ஊசியாலோ, நோயாலோ, வயதாலோ, டீச்சர் வாரத்துக்கு வாரம் உருகிக்கொண்டே போனார்.

தட்டை வைத்ததும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வார். கையில் தைல வாசனை. "சாப்பாடு நல்லாத்தாம்மா இருக்கு. என் பசிதான் எங்கேயோ போயிடுச்சு."

"வழியில பார்த்தா கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வர்றேன் டீச்சர்" என்பேன். அவரும் சிரிப்பார்.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், தட்டு முன்னால் இருக்க, கரண்டியைக் கையில் பிடித்தபடியே போய்ச் சேர்ந்தார். ஒரு வாய்கூடத் தொடவில்லை.

அவருடைய பேனாவில் இரண்டு வாரத்து மருந்து மிச்சம் இருந்தது.

ஒருவருடைய பேனாவை, ஊசிமுனையை மாற்றினாலும், இன்னொருவருக்குப் போடக் கூடாது. ஆள் இறந்துவிட்டால் பேனாவை அழித்துவிட வேண்டும். சின்ன சிஸ்டருக்குத் தெரியாதா என்ன? அதே மருந்தை உடம்பு இளைக்க ஊரெல்லாம் போட்டுக்கொள்கிறார்கள் என்பதும் அவளுக்குத் தெரியும்.

இன்னொரு சட்டமும் உண்டு, அது பெரிய சிஸ்டர் போட்டது. ஊசி போடும் முன் பேனா மேல் ஒட்டியிருக்கும் எண்ணைப் படித்து, "இன்ன பெட் தானே?" என்று கேட்க வேண்டும். நோயாளி தன் வாயால் "ஆமா" என்று சொல்லாமல் அழுத்தக் கூடாது. பதினோரு வருஷம் அதைச் செய்து செய்து, சின்ன சிஸ்டருக்கு அது மூச்சு விடுவது போல ஆகியிருந்தது.

நான் மருந்து அறைக்குள் சாவி எடுக்கப் போனபோது அவள் சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தாள். பிறகு, பழக்க தோஷம், பேனாவைப் பார்த்துக் கேட்டாள்.

"ஏழாம் பெட் தானே?"

கை அழுத்த மறுத்து அப்படியே நின்றது. பதில் வரவில்லையே!

"பாருங்கக்கா, என் கையே என்னைக் கேள்வி கேக்குது" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே அவளே பதிலும் சொன்னாள்.

"ஆமா."

அழுத்தினாள். தைல வாசனை அடித்தது. டீச்சரின் சாமான்களை எடுத்துப்போய் மூன்று நாள் ஆகியிருந்தது.

முதல் வாரம் அவளுக்கு ஒரே குஷி. "கேன்டீன் வாசல்லயே நின்னு கதை பேசிட்டு வந்துட்டேன் அக்கா. உள்ளே போகணும்னே தோணலை!" அடுத்த வாரம் மிச்சத்தையும் போட்டுக்கொண்டு, காலிப் பேனாவைத் தூக்கிப் போட்டுவிட்டாள். மாதம் முடிவதற்குள் யூனிஃபார்ம் தொளதொளத்தது. மகள் அவள் கையைக் கோத்துக்கொண்டு பள்ளிக்கூட வாசலில் நடந்தாளாம். அதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

ஏழாம் படுக்கையின் தலைமாட்டைத் தூக்கி இறக்கும் முறுக்குக் கம்பி உடைந்திருந்தது. பழுது பார்க்க ஆள் வராததால் காலியாகவே கிடந்தது. ஆனால் சமையலறையிலிருந்து எட்டுத் தட்டு வந்தது.

"ஏழு பேர்தானே?" என்று கேட்டேன்.

"சீட்டு வந்திருக்கே" என்றான் சமையல்காரன். ஏழாம் படுக்கைக்கு முழுச் சாப்பாடு என்று எழுதியிருந்தது. சின்ன சிஸ்டரின் கையெழுத்து.

அவளிடம் காட்டினேன். "நான் எழுதலை அக்கா" என்றாள். திரும்பவும் பார்த்தாள். "என் எழுத்துதான். ஆனா நான் எழுதலை."

அந்தத் தட்டை ஏழாம் படுக்கை மேசையில் வைத்துவிட்டு மற்றவர்களைக் கவனிக்கப் போனேன். திரும்பி வந்தபோது தட்டு காலி. விரலால் வழித்த கோடுகள் மட்டும் இருந்தன.

"யாரும்மா அது, ரெண்டாம் பந்தி?" என்று உரக்கக் கேட்டேன்.

யாரும் சிரிக்கவில்லை.

எட்டாம் படுக்கை அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு கிசுகிசுத்தார். "டீச்சருக்கு இப்போ நல்லாப் பசிக்குது."

மருந்து நின்று ஒரு மாதம் ஆயிற்று, இரண்டு மாதம் ஆயிற்று. சின்ன சிஸ்டருக்குப் பசி திரும்பவில்லை. டாக்டர் எல்லாப் பரிசோதனையும் செய்தார். மருந்து உடம்பை விட்டு எப்போதோ போய்விட்டது, எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். வாயில் வைத்ததை அவளால் விழுங்க முடியவில்லை. கன்னம் ஒட்டி, கழுத்து எலும்பு துருத்தியது. இப்போது அவளைச் சின்ன சிஸ்டர் என்று கூப்பிடும்போது யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

ஏழாம் படுக்கைத் தட்டு தினமும் காலியானது.

ஒரு மதியம், அந்தப் படுக்கையைச் சுற்றித் திரை இழுத்து விடப்பட்டிருந்தது. உள்ளே கரண்டி தட்டில் இடிக்கும் சத்தம். நிதானமாக மெல்லும் சத்தம், ஈரமாக.

நான் திரையை ஒரு விரல் அகலம் விலக்கினேன்.

ஆள் இல்லை.

மெத்தை மட்டும் நடுவில் பள்ளமாக, கனமான உடம்பு ஒன்று உட்கார்ந்திருப்பது போல, அமுங்கியிருந்தது.

மெல்லும் சத்தம் நின்றது. என்னைப் பார்க்கிறது என்று தெரிந்தது.

மறுநாள் சின்ன சிஸ்டரைக் கைத்தாங்கலாக அங்கே கூட்டிப்போனேன். "நீதானே ஆமான்னு சொன்னே? இப்போ இல்லைன்னு சொல்லிடு தாயி. ஒரே வார்த்தை. நான் ஏழாம் பெட் இல்லை, அவ்வளவுதான்."

அவள் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாயைத் திறந்தாள். கழுத்து நரம்பு புடைத்தது.

"ஆமா" என்றாள்.

கண்ணில் தாரை தாரையாகத் தண்ணீர். தலை இல்லை, இல்லை என்று ஆடுகிறது. வாய் மட்டும் அடங்கவில்லை. "ஆமா. ஆமா. ஆமா."

அவள் வாயை என் கையால் பொத்தினேன். அதைத் தவிர எனக்கு வேறென்ன தெரியும்? உள்ளங்கைக்குள் அந்த வார்த்தை துடித்துக்கொண்டே இருந்தது.

பெரிய சிஸ்டரிடம் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "நடந்ததை நான் நம்பறேன். ஆனா இதுக்கு என்ன செய்யணும்னு எந்தப் புத்தகத்துல தேடறது, சொல்லுங்க" என்றார். அந்தக் கண்டிப்பான மனுஷி மேசையில் தலை வைத்து அழுததை நான் பார்த்தேன்.

அதன்பின் சின்ன சிஸ்டர் வேலைக்கு வரவில்லை. புருஷன் வீட்டுக்குக் கூட்டிப்போய்விட்டார். அவள் போன அன்றே ஏழாம் படுக்கைக்குச் சீட்டு வருவது நின்றது. கம்பியையும் சரிசெய்து வேறு ஆளைப் போட்டார்கள். அந்த அம்மா நன்றாகத் தூங்கினார், நன்றாகச் சாப்பிட்டார். வார்டு நிம்மதியாயிற்று.

எனக்குத்தான் நிம்மதியில்லை. இங்கே இல்லையென்றால் அது எங்கே?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் வீட்டுக்குப் போனேன். புருஷன் கதவைத் திறந்தார். தூக்கமில்லாத கண். "வாங்க அக்கா. சாப்பாட்டு நேரந்தான்" என்றார்.

சாப்பாட்டு மேசையில் சின்ன சிஸ்டரைத் தலையணை முட்டுக் கொடுத்து உட்கார வைத்திருந்தார்கள். அவள் இருந்த இருப்பை உங்களுக்கு நான் சொல்லப்போவதில்லை. கண்கள் மட்டும் அவளுடையவை. பக்கத்தில் மகள், எதிரே ஒரு காலி நாற்காலி. அதன் முன்னாலும் ஒரு தட்டு.

"இது யாருக்கும்மா?" என்று குழந்தையிடம் கேட்டேன்.

"அந்த டீச்சருக்கு" என்றாள், சாதாரணமாக. "அவங்க சாப்பிட்டாத்தான் அம்மா அழாம இருப்பா."

குழந்தையின் தட்டில் சாப்பாடு ஆறிப்போயிருந்தது. அவள் கை மிகவும் மெலிந்திருந்ததை அப்போதுதான் கவனித்தேன். பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வாய் எடுத்து நீட்டினேன். "நீ சாப்பிடு கண்ணு. அத்தை ஊட்டி விடறேன்."

வாயை இறுக்கிக்கொண்டாள்.

"ஒரே ஒரு வாய்."

"பசிக்கலை அத்தை. போன வாரத்துலேர்ந்து பசிக்கவே இல்லை."

சின்ன சிஸ்டரின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. நான் அதுவரை எந்த வார்டிலும் கேட்காத சத்தம். எழ முயன்றாள், முடியவில்லை. அவள் விரல்கள் மேசை விரிப்பை மகள் பக்கமாகப் பிறாண்டின.

நீட்டிய கை நீட்டியபடி நான் உட்கார்ந்திருந்தேன்.

எதிரே இருந்த காலி நாற்காலி, தரையில் கரகரவென்று உரசிக்கொண்டு, குழந்தையின் பக்கம் ஒரு சாண் நகர்ந்தது.