வெள்ளை வண்டி நின்ற இடம்

"சாயங்காலம் வரைக்கும் தேடிக்கோ கனி. பெறவு பேச்சு கெடையாது. நாளைக்கு உத்திரம். விடிஞ்சதும் இங்க கல்லு நட்டுருவோம்."

செங்கல் குவியலின் மேல் ஒரு காலை வைத்துக்கொண்டு ரத்தினபாண்டி சொன்னார். அவருக்குப் பின்னால் பந்தல்காரர்கள் மூங்கில் ஊன்றிக்கொண்டிருந்தார்கள். முன்னால் நெடுஞ்சாலை. சாலைக்கு அந்தப் பக்கம் மூட்டை மூட்டையாகக் குங்குமத்தைக் கொட்டிப் பரப்பியதுபோலத் தேரிக்காடு கிடந்தது. ஒவ்வொரு ஆடிக் காற்றுக்கும் இடம் மாறி உட்காரும் சிவப்பு மணல். அந்த மணலுக்குள் எங்கோ அவர்களுடைய குலசாமி இருந்தார்.

ரத்தினபாண்டி சிறுவனாக இருந்தபோது, ஒரு காற்றுக் காலத்தில் சாஸ்தா கோயில் மூடிப் போயிற்று. அடுத்தடுத்த காற்றுகளில் இருந்த இடமே தெரியாமல் போயிற்று. பங்குனி உத்திரத்தன்று ஊரெல்லாம் தத்தம் சாஸ்தாவைத் தேடிப் போகும்போது, இந்தக் குடும்பம் மட்டும் சாலையோரம் நின்று தேரியைப் பார்த்துத் தேங்காய் உடைத்துவிட்டுத் திரும்பும்.

"புதுக் கோயில் கட்டினா, தேடுறதை விட்டுருவோம் அத்தான். சாமி மண்ணுக்குள்ளேயே கெடக்கட்டும்னு அர்த்தம்" என்றாள் சண்முகக்கனி.

"நானா சொன்னேன்? உன் வண்டியில்லா சொல்லிச்சு. யாரும் பிரேக்கு போடாம, சரியா என் நெலத்துக்கு நேரே நின்னுச்சா இல்லையா? சாமி எடத்தைக் காட்டிட்டாரு. குடும்பமே ஒத்துக்கிட்டாச்சு."

கனிக்குச் சுருக்கென்றது. அதுதான் அவளால் தாங்க முடியாத விஷயம். வண்டி நின்றது உண்மை. ஓட்டிக்கொண்டிருந்தது அவளே. ஆனால் அன்று அவள் மனது, இது சாமி வேலை இல்லை, வண்டியில் ஏதோ கோளாறு என்றுதான் சொல்லியது. தான் ஆசைப்பட்டு வாங்கிய வண்டி ஒரு பொய்ச் சாட்சியாகி, சாமியை மணலுக்குள்ளேயே விட்டுவிடப் போகிறது.

"சரி. நீங்களும் ஏறுங்க. நான் தேடலன்னு நாளைக்கு யாரும் சொல்லப்படாது."

ரத்தினபாண்டி கதவைத் திறந்ததும், அடியிலிருந்து படி ஒன்று தானாக நீண்டு வந்து அவர் முழங்காலில் இடித்தது. துள்ளிப் பின்வாங்கினார்.

"அது ஒண்ணும் செய்யாது அண்ணாச்சி. மிதிச்சு ஏறுங்க. செருப்பை மட்டும் கழட்டிருங்க" என்றான் பின்சீட்டில் இருந்த சுயம்புலிங்கம், கனியின் கணவன், ரத்தினபாண்டிக்குத் தம்பி முறை.

வண்டி வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. மலை ஏறும், ஆறு கடக்கும், பாலைவனத்தில் ஓடும் என்று சொல்லித்தான் விற்றார்கள். ஆனால் அவர்கள் தெருவுக்குள் அது நுழையவில்லை. அவர்களுடைய உப்பு மூட்டைகளை அடுக்கும் கிட்டங்கியில்தான் அதற்கு இடம். இருக்கையைச் சூடாக்கும் வசதி இருந்தது. தூத்துக்குடியில் அதைத் தொட்டவர் இல்லை. முதுகு பிடித்துவிடும் வசதி இருந்தது. சுயம்பு கணக்குப் பார்த்துக் களைத்த நாள்களில், கிட்டங்கியில் நிற்கும் வண்டிக்குள் போய் உட்கார்ந்து அதை அனுபவித்தான். நடுவில் குட்டி ஃபிரிட்ஜ், அதில் மோர். இருக்கைகளின் பிளாஸ்டிக் உறையை இன்னும் பிரிக்கவில்லை. மண் ரோட்டைக் கண்டால், "வேண்டாம் கனி, சுத்திப் போயிருவோம்" என்பான். வெள்ளிக்கிழமைதோறும் தன் கையாலேயே துடைத்து, பொட்டு வைத்து, சூடம் காட்டுவான்.

ஒரே ஒரு குறை. சில நாள்களில் வண்டி காரணமே இல்லாமல் நின்றது. 'முன்னால் தடை' என்று திரையில் சிவப்பாக எழுதும். பிரேக் தானாக விழும். இரண்டு முறை சர்வீஸுக்கு விட்டார்கள். கழுவித் துடைத்து, ஓட்டிப் பார்த்து, ஒரு குறையும் இல்லை என்று திருப்பித் தந்தார்கள். வந்து நாலு நாள் ஒழுங்காக ஓடும். பிறகு பழையபடி.

தார்ச்சாலை முடிந்து மணல் தொடங்கும் இடத்தில் கனி இறங்கினாள். ஒவ்வொரு சக்கரமாகக் குனிந்து காற்றை இறக்கினாள்.

"ஏ கனி, என்ன செய்யுத? புது டயரு!" சுயம்பு பதறினான்.

"உப்பளத்து வரப்புல லாரி பொதைஞ்சா நாம என்ன செய்வோம்? காத்தை எறக்குனாத்தான் டயரு பரந்து நிக்கும். இல்லன்னா இந்த மண்ணுல ஊசி மாதிரி எறங்கிரும்."

சக்கரத்தில் காற்றுக் குறைகிறது என்று வண்டி கீச்சுக் குரலில் புலம்பிக்கொண்டே தேரிக்குள் நுழைந்தது. முதல் மேட்டில் சற்றுத் திணறியது. கனி விசையை விடாமல் மிதித்தாள். ஓடம் அலையில் ஏறுவதுபோல மூக்கைத் தூக்கி ஏறி, மறுபக்கம் வழுக்கி இறங்கியது. ரத்தினபாண்டி மேலே இருந்த கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டார். முந்திரிப் புதர் ஒன்று பக்கவாட்டில் சர்ரென்று உரசியது. சுயம்பு கண்ணை மூடிக்கொண்டான்.

"போச்சு. கோடு விழுந்திருக்கும்."

"விழட்டும்ங்க. ஆடு மேயப் போனா முள்ளு குத்தத்தான் செய்யும்."

பனங்கூட்டம் நின்ற பெரிய பள்ளத்தில் முதலில் தேடினார்கள். கோயில் அங்கேதான் இருந்தது என்று குடும்பத்தில் ஒரு பேச்சு. ஆண்டுக்கு ஆண்டு யாராவது வந்து தோண்டிப் பார்ப்பார்கள். அன்றும் கம்பியைக் குத்திக் குத்திப் பார்த்தார்கள். மணல், அதற்கடியில் மணல். உச்சி வெயில் மண்ணைக் கொதிக்க வைத்தது. செருப்பை மீறிச் சூடு ஏறியது.

பனை நிழலில் உட்கார்ந்து மோர் குடித்தார்கள். ரத்தினபாண்டிக்குப் பேச்சு வந்தது.

"எங்க அப்பா தோள்ல ஒக்காந்து வருவேன். அந்தக் காலத்துல சாமிக்கு முன்னால நிக்கிற சுகமே தனி. மணியை அடிச்சிட்டு, பொங்கல் வேகுறவரைக்கும் கப்பல் எண்ணிக்கிட்டு நிப்பேன். ஏல சுயம்பு, ஒனக்கு அந்தக் குடுப்பினை இல்ல. நீ பொறக்கவே இல்ல."

கனி தம்ளரைக் கீழே வைத்தாள்.

"என்னத்தை எண்ணுனிய?"

"கப்பல். கடல்ல போற கப்பல்."

"எங்கன நின்னு?"

"சாமிக்கு முன்னால தான்."

"இந்தப் பள்ளத்துல இருந்து கப்பல் தெரியுதா அத்தான்?"

ரத்தினபாண்டி கிழக்கே பார்த்தார். பனைமர உயரத்துக்குச் சிவப்புச் சுவர் எழுந்து நின்றது. 

"மேட்டுல இருந்திருக்கு. நாம இத்தனை வருஷமா பள்ளத்தைத் தோண்டுதோம்" என்றாள் கனி. "ஏறுங்க."

கிழக்கு மேடு தேரியிலேயே பெரியது. நடந்து ஏறினால் ஒரு அடி வைக்க முக்கால் அடி சறுக்கும். அதனால்தான் கோயில் மறைந்த பிறகு யாரும் ஏறிப் பார்த்ததில்லை. கனி வண்டியைப் பின்னுக்குக் கொண்டுபோய் நிறுத்தினாள். மூச்சை இழுத்து மிதித்தாள். எஞ்சின் உறுமியது. செம்புழுதி இரண்டு பக்கமும் சிறகாக விரிந்தது. கால்வாசி, பாதி, முக்கால். உச்சி கண்ணுக்குத் தெரிந்தது.

டக்கென்று நின்றது.

மூவரும் இருக்கையிலேயே முன்னால் போய் வந்தார்கள். திரையில் சிவப்பு எழுத்து: முன்னால் தடை. முன்னால் வானம் மட்டுமே இருந்தது.

கனி மறுபடி மிதித்தாள். சக்கரம் சுழன்று மண்ணைக் குடைந்தது. வண்டியின் பின்பக்கம் மெல்ல இடப்புறம் நகர்ந்தது. அந்தப் பக்கம் சரிவு செங்குத்தாக இறங்கியது. கனி உடனே காலை எடுத்துவிட்டாள். இன்னொரு முறை மிதித்தால் வண்டி உருண்டு பனங்கூட்டத்தில்தான் போய் நிற்கும்.

"சாமி வேண்டாம்னு சொல்லுதாரு கனி" என்றார் ரத்தினபாண்டி. குரலில் கேலி இல்லை. பயம் இருந்தது. "திரும்பிருவோம்."

"ரெண்டு பேரும் மேட்டுப் பக்கமா எறங்குங்க. மெதுவா."

அவளும் இறங்கினாள். வண்டியின் முன்னால் வந்து, இடுப்பில் கை வைத்து அதன் முகத்தைப் பார்த்தாள். நடுவில் இருந்த கம்பெனிச் சின்னத்தின் மேல் உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனம். அதற்கு மேல் குங்குமம். கீழே, பம்பர் நெடுக இருந்த சின்னச் சின்ன வட்டங்கள் ஒவ்வொன்றிலும் ஒரு பொட்டு. எல்லாம் வெயிலில் காய்ந்து ஓடுபோல் இறுகியிருந்தன.

"ஏங்க, இந்த வட்டத்துல எல்லாம் எதுக்குப் பொட்டு வச்சிய?"

"பொட்டு வைக்கதுக்குன்னே செஞ்ச மாதிரி இருந்துச்சு. அளவு சரியா இருக்குல்லா?"

"அது வண்டிக்குக் கண்ணுங்க. முன்னால என்ன நிக்குன்னு அதாலதான் பாக்கும். நடுவுல இருக்கதும் கண்ணுதான். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை அதோட கண்ணுல சந்தனத்தை அப்பிட்டு, சர்வீஸ்காரன் கழுவிக் குடுத்தா மறுபடியும் அப்பியிருக்கிய."

சுயம்பு தலையைச் சொறிந்தான். கனி ரத்தினபாண்டி பக்கம் திரும்பினாள்.

"ஒங்க நெலத்துக்கு முன்னால நின்னது என்ன கெழமை அத்தான்?"

ரத்தினபாண்டி யோசித்தார். "வெள்ளி" என்றார், பல்லுக்குள்.

கனி முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு குனிந்தாள்.

"ஏ கனி, பொட்டை அழிக்காத" என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். சுயம்பு அவள் கையையே பிடித்துவிட்டான். "சாமியைத் தேடி வந்த எடத்துல பொட்டழிச்சா நல்லாவா இருக்கும்?"

கனி ஃபிரிட்ஜிலிருந்து மோரை எடுத்து வந்தாள். பிறகு, மோரில் விரலை நனைத்து, நடுவில் இருந்த சந்தனத்தைக் குழைத்து எடுத்து, கணவனின் நெற்றியில் அழுத்தி வைத்தாள்.

"அழிக்கல. எடம் மாத்துதேன். அத்தான், நீங்களும் வாங்க."

அடுத்தடுத்த பொட்டுகள் ரத்தினபாண்டியின் நெற்றிக்கும் கன்னத்துக்கும் போயின. மிச்சத்துக்கு, அந்த மோர் முழுவதையும் வண்டியின் முகத்தில் ஊற்றினாள்.

"இது அபிசேகம்" என்றாள். 

பிறகு வேலை நடந்தது. சுயம்பு சரிவில் இறங்கி, பனை மட்டைகளை இழுத்துக்கொண்டு வந்தான். ரத்தினபாண்டி சட்டையைக் கழற்றிவிட்டு, முழங்காலில் நின்று இரண்டு கையாலும் சக்கரத்து மண்ணை வாரினார். மட்டைகளைச் சக்கரத்துக்கு அடியில் திணித்தார்கள். "இப்பம்" என்று கத்தினார் ரத்தினபாண்டி. வண்டி அசைந்தது, மட்டை நெரிந்தது, சரேலென்று எழும்பியது. கனி நிறுத்தவில்லை. உச்சி வரை ஒரே மூச்சு.

மேலே காற்று முகத்தில் அடித்தது. கிழக்கே, வானத்துக்கு அடியில், நீலமாக ஒரு கோடு. அந்தக் கோட்டில் எறும்புபோல ஒரு கப்பல்.

மேலே ஏறி வந்த ரத்தினபாண்டிக்கு மூச்சு வாங்கியது. கப்பலையே பார்த்துக்கொண்டு நின்றார். "ஒண்ணு" என்றார் மெதுவாக.

ஆனால் கோயில் எங்கே? உச்சி நீளமாக, மொட்டையாகக் கிடந்தது. வெயில் மேற்கே சாயத் தொடங்கியிருந்தது. மூவரும் ஏறிக்கொண்டார்கள். கனி உச்சியோடு வண்டியை ஊர விட்டாள். நெடுக ஒன்றும் இல்லை. மேடு முடியும் இடத்தில் கொடி படர்ந்த ஒரு திட்டு. அதைத் தாண்டினால் இறக்கம். கனி திட்டை நோக்கி மெல்லச் செலுத்தினாள்.

டக்.

முன்னால் தடை.

"மோரு ஊத்துனது பத்தலயோ" என்றான் சுயம்பு.

கனியின் கால் மிதிக்கப் போயிற்று. போன கால் பாதியில் நின்றது. இப்போது அதன் கண் சுத்தமாக இருக்கிறதே?

இறங்கி முன்னால் ஓடினாள். கொடியை இரண்டு கையாலும் விலக்கினாள். வண்டியின் மூக்குக்கு ஒரு முழம் முன்னால், துருப்பிடித்த இரும்பு ஒன்று கொடிக்குள் நின்றது. வேலின் நுனி.

மூவரும் தோண்டினார்கள்.  வேலின் தண்டு நீண்டுகொண்டே போயிற்று. பக்கத்தில் மண்குதிரையின் காது ஒன்று, பிறகு அதன் நெற்றி, பிறகு உருண்ட கண். சங்கிலி ஒன்று கையில் சிக்கியது. ரத்தினபாண்டி அதை விடாமல் இழுத்து இழுத்துத் தோண்டி, நுனியில் இருந்த வெண்கல மணியை வெளியே எடுத்தார். கல்லால் தட்டினார். சத்தம் வரவில்லை. கவிழ்த்து உலுக்கினார். வாயிலிருந்து சிவப்பு மணல் பொலபொலவென்று கொட்டியது. மறுபடி தட்டினார்.

மேட்டின் இரண்டு பக்கமும் அந்த ஓசை இறங்கிப் போயிற்று. முகமெல்லாம் பொட்டோடு ரத்தினபாண்டி சிவப்பு மண்ணில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். எழுந்திருக்க வெகுநேரம் ஆயிற்று.

இறங்கி வரும்போது அவர் கேட்டார். "என் நெலத்துல நின்னது பொட்டுனால. சரி, ஒத்துக்கிடுதேன். இங்க நின்னது?"

"இரும்பு நின்னுச்சு. வண்டி பாத்துச்சு."

"அம்புட்டுதானா?"

 கனி மேட்டிலிருந்து வண்டியை இறக்குவதில் கவனமாக இருந்தாள். ஆனால் திரும்பும் வழியெல்லாம் அவளுக்கு உடம்பு சிலிர்த்துக்கொண்டுதான் இருந்தது.

உத்திரத்தன்று விடிந்ததிலிருந்து வெள்ளை வண்டி தேரியில் ஏறி இறங்கியது. அது வெள்ளையாக இல்லை. செம்மண் நிறத்தில் இருந்தது. பொங்கல் பானை, விறகு, அண்டா, பந்தலுக்கு வாங்கிய மூங்கில், ரத்தினபாண்டியின் செங்கல், நடக்க முடியாத சொந்தக்காரர்கள் எல்லாம் அதில்தான் போயின. பிளாஸ்டிக் உறையைச் சுயம்புவே கிழித்து எறிந்தான். பக்கவாட்டில் முந்திரிப் புதர் போட்ட நீளக் கோட்டை யாரோ காட்டி உச்சுக்கொட்டியபோது, "அது நாங்க சாமியைத் தேடிப் போன வழி" என்றான்.

முதல் விளக்கைக் கனி ஏற்றினாள். பக்கத்தில் நின்ற ரத்தினபாண்டி வந்தவர்களிடமெல்லாம், "கப்பல் சேதியைச் சொன்னது நானாக்கும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அது பொய்யும் இல்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை சுயம்பு வழக்கம்போல வண்டியைத் துடைத்தான். சந்தனக் கிண்ணத்தோடு முன்னால் வந்து நின்றவன் கனியைப் பார்த்தான்.  அவன் கண்ணாடிக்கு மேலே, கூரையின் விளிம்பில், எட்டி ஒரு பொட்டு வைத்தான்.

பக்தி நெற்றியில் இருக்கலாம். கண்ணை மறைக்காமல் இருந்தால் போதும்.