அணைத்த விளக்கு

சந்தேகம் மூளையின் எந்த மூலையில் குடியிருக்கிறது என்பதை உலகுக்கு எடுத்துச் சொன்னவர் பேராசிரியர். நெற்றிக்குப் பின்னே தொடங்கி, அடியாழத்துக்கு இறங்கி, மறுபடி நெற்றிக்கே திரும்பும் ஒரு நரம்புச் சுற்று. அது ஓயாவிட்டால் மனிதன் கழுவிய கையையே கழுவுவான், பூட்டிய கதவையே போய்ப் பூட்டுவான். அதை ஓயவைக்கும் வித்தை தன்னிடம் உண்டென்று, கருகருவென்ற மீசையை நீவிவிட்டபடி மேடைதோறும் முழங்கியவர், இப்போது மாடிப்படியின் நடுவில் நின்று, கீழே விளக்கை அணைத்தோமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

விருதுக் குழு வரும் நாள். நீல விளக்கு எரிந்தால் அந்தச் சுற்று முடுக்கப்பட்டு எலி ஓயாமல் முகம் கழுவும், அணைத்தால் நிறுத்தும். அதைக் கண்ணாரக் காட்டினால் விருது.

இறங்கினார். ஜன்னலில்லாத ஆய்வறையில் மரத்தூளும் மூத்திரமும் கலந்த வெதுவெதுப்பான நாற்றம். கூண்டுக்குள்ளிருந்து, காய்ந்த காகிதத்தை யாரோ விரலால் தேய்ப்பதுபோல ஒரு சத்தம். விளக்கு அணைந்திருந்தது. எலி முகம் கழுவிக்கொண்டிருந்தது. ஒரு பக்கக் கன்னத்தில் மயிர் போய், தோல் ரோஜா நிறத்தில் பளபளத்தது.

சுவிட்சைப் போட்டு அணைத்தார்.

எலி நிறுத்தவில்லை.

"சார், குழு வந்தாச்சு," என்றாள் வாசலில் ஆய்வு மாணவி.

"விளக்கு அணைஞ்சிருக்கா பாரும்மா."

"அணைஞ்சுதான் சார் இருக்கு. காலையிலேர்ந்து இதையேதான் கேக்கறீங்க."

"நான் இப்பத்தானே இறங்கி வந்தேன்?"

அவள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, பின்னால் நகர்ந்தாள்.

கேஸை மூடினேனா என்று மனைவி திரும்பத் திரும்ப அடுப்படிக்குப் போனபோது, "உன்னை வச்சே ஒரு கட்டுரை தேத்திடலாம்டி," என்று சிரித்தவர் அவர். தேத்தினார். பேர் வந்ததும் அவளை அவள் அண்ணன் வீட்டுக்கு அனுப்பிவைத்தார். ஆட்டோவில் ஏறும்போதும் அவள், "கேஸ் மூடியிருக்கான்னு பாத்துக்குங்க," என்றாள்.

பார்த்தாரா?

மறுபடி சுவிட்ச். இப்போது சுவரோரம் அடுக்கியிருந்த எல்லாக் கூண்டுகளிலும் அந்தச் சத்தம். மறுபடி. மறுபடி.

சட்டென்று எலிகள் நிறுத்தின. அத்தனையும் முன்னங்கால்களை நெஞ்சோடு சேர்த்து, அசையாமல் அவரையே பார்த்தன.

சத்தம் மட்டும் நிற்கவில்லை.

காய்ந்த சத்தம். மிக அருகில். காதோரம்.

தாழ்வாரத்தைப் பார்த்த கண்ணாடிச் சுவருக்கு வெளியே விருதுக் குழு நின்றிருந்தது. தலைவர் கையில் பூங்கொத்து. எவ்வளவு நேரமாக?

"சார்," என்றாள் மாணவி, அழுகிற குரலில். "கையை எடுங்க சார்."

எடுக்கப் பார்த்தார். கை வாய்க்குப் போனது. நாக்கு உள்ளங்கையை நனைத்தது. கை மூக்கைத் துடைத்தது, கன்னத்தைத் துடைத்தது, காதுக்குப் பின்னால் போனது. மறுபடி வாய்க்கு வந்தது. உதட்டுக்கு மேல் எரிந்தது.

விளக்கு அணைந்திருந்தது.

மேசையில் பாதி மீசை உதிர்ந்து கிடந்தது. வேரெல்லாம் நரை.