ஐந்தாவது சீட்டு

நான்கு பேர் ஆடும் ஆட்டத்துக்குச் செல்வாம்பாள் ஐந்து சீட்டு எழுதிப் போட்டுவிட்டாள். அதுகூடப் பெரிதில்லை, ஆளுக்கொன்று எடுத்த பிறகு பாயில் ஒன்றும் மிஞ்சவில்லை என்பதுதான் அவள் புருஷன் கோவிந்தசாமியை உறுத்தியது.

எழுபத்தொன்பது ஐப்பசி. உப்பளத்து ஓட்டு வீட்டின்மேல் ஞாயிற்றுக்கிழமை மத்தியான மழை ஓடு ஓடாகத் தட்டிக்கொண்டு பெய்ய, பக்கத்து வீட்டு ஜானகிராமனும் அவன் பெண்டாட்டி சுலோசனாவும் அவித்த வேர்க்கடலையோடு வந்து உட்கார, ரொம்ப நாளைக்கப்புறம் சீட்டுக் குலுக்கினார்கள். ராஜா என்று எழுத மாட்டார்கள் இவர்கள். மேர் என்றுதான் எழுதுவார்கள், பிரெஞ்சுக்காரன் காலத்து மேயர். பிறகு ராணி, மந்திரி, போலீஸ், திருடன். முகத்தைப் பார்த்தே போலீஸ் திருடனைப் பிடிக்க வேண்டும். கூசாமல் பொய் சொல்லலாம், யாரும் கோபிக்க மாட்டார்கள், அதில்தானே ருசி! ஆனால் போலீஸ் தப்பாகச் சொல்லிவிட்டால் அவன் சீட்டும் திருடன் சீட்டும் மாறிவிடும். போலீஸே திருடன்.

"கைப் பழக்கங்க," என்றாள் செல்வாம்பாள் தாழ்ந்த குரலில். "அஞ்சி பேராவே ஆடிட்டோம்."

ஐந்தாமவன் கன்னியப்பன். அவனும் கோவிந்தசாமியும் ஒரே மில், ஒரே ஷிப்ட். போன வருஷம் நூல் கண்டுகள் காணாமல் போனபோது, மில் கேட்டில் அத்தனை பேர் முன்னாலும் கோவிந்தசாமி அவனைத்தான் கைகாட்டினான். வேலை போயிற்று. எட்டாம் நாள் பழைய துறைமுகத்து ஓரம் பிணமாக ஒதுங்கினான். நூலை எடுத்து விற்றது தானே என்பதைக் கோவிந்தசாமி இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

"மேர் நான்!" ஜானகிராமன் சீட்டை விரித்தான். "போலீஸ் யாரு?"

கோவிந்தசாமி தன் சீட்டைக் காட்டினான். சுலோசனா மந்திரி. செல்வாம்பாள் ராணி.

"அப்போ திருடன்?"

"காத்துல பறந்திருக்கும்," என்றாள் செல்வாம்பாள்.

"கதவு, ஜன்னல் எல்லாம் சாத்திக் கெடக்குதே," என்றாள் சுலோசனா.

அப்போதுதான் அந்த வாடை வந்தது. உப்பும் அழுகிய பாசியும், அவற்றுக்கடியில் லேசாக மில் எண்ணெயும். கோவிந்தசாமிக்கும் ஜானகிராமனுக்கும் நடுவே ஓர் ஆள் இடம் காலியாக இருந்தது. யாரும் விடச் சொல்லவில்லை. அங்கே கோரைப்பாய் நனைந்து கறுத்துக்கொண்டு வந்தது, சம்மணமிட்டவன் அளவுக்கு.

மற்றவர்கள் கவனிக்கவில்லை.

"இன்னாண்ணே முழிக்கிற?" ஜானகிராமன் கண்ணடித்தான். "கன்னியப்பன்னு சொல்லு, ஆட்டம் முடிஞ்சிது. ஒனக்கென்ன புதுசா?"

சுலோசனா அவன் தொடையைக் கிள்ளினாள். "சும்மா கெட."

'நான்தான்' என்ற சொல் கோவிந்தசாமியின் தொண்டைவரை வந்தது. செல்வாம்பாளின் முகத்தைப் பார்த்தான். விழுங்கினான்.

"கன்னியப்பன்."

மழை சட்டென்று நின்றது.

ஈரப் பாயில் ஒரு சீட்டு. செல்வாம்பாள் எடுத்துப் பிரித்தாள். போலீஸ்.

கோவிந்தசாமி தன் கையிலிருந்த சீட்டைப் பார்த்தான். திருடன்.

எழுந்து நின்றான். எழ நினைக்கவில்லை. கைகள் இரண்டும் தாமாகத் தலைக்குமேல் போயின, மில் கேட்டில் சோதனைக்குத் தூக்குவதுபோல.

கணுக்காலில் ஈரக் கை. முழங்கால். வேட்டி மடிப்பு. அவசரமில்லை. சட்டைப்பை. அக்குள். துணியில் விரல் விரலாக ஈரம் ஏறியது.

"ஏங்க…"

கழுத்து. தாடை.

உப்புக் கரிக்கும் விரல்கள் அவன் பற்களை விலக்கின. நாக்கைத் தூக்கின. அடியில் துழாவின. ஒரு நூல் முனையைப் பற்றி இழுத்தன.

வந்தது.

சிவப்பாக, சூடாக, வந்துகொண்டே இருந்தது.