இடம் மாறிய அடுப்பு

ஸ்வாலா மூடியைத் திறந்தாள். சட்டிக்குள் ரொட்டி இல்லை. நேற்றுப் போட்ட மாவு, நேற்றுப் போட்டபடியே சாவகாசமாக உட்கார்ந்திருந்தது.

"வேகலையா?" என்று எட்டிப் பார்த்தான் தம்பி பிரேகி.

"வெந்திருந்தா இப்படியா இருக்கும்?"

"பரவாயில்லை. கரண்டியால சாப்பிடலாம்."

லாகார்கோட் ஊரில், ரை என்ற தானியத்து மாவில் செய்யும் ரொட்டியை யாரும் வீட்டு அடுப்பில் சுடுவதில்லை. ஏரிக்கரை மணலுக்கு அடியில் பூமிச் சூட்டில் தண்ணீர் எப்போதும் கொதித்துக்கொண்டிருக்கும். மாவைச் சட்டியில் ஊற்றி, மூடியை இறுக்கி, மணலில் புதைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். மறுநாள் அதே நேரத்துக்குத் தோண்டினால் ரொட்டி. விறகு வேண்டாம், மின்சாரம் வேண்டாம், பக்கத்தில் நின்று கிளறவும் வேண்டாம். ஐஸ்லாந்து பூமி ஓசியில் சமைத்துத் தரும்போது வேறு அடுப்புக்குச் செலவு செய்ய அந்த ஊர்க்காரர்கள் என்ன ஏமாளிகளா?

ஸ்வாலா கையுறையைக் கழற்றி மணலைத் தொட்டாள். ஆறிப்போன காபி மாதிரி இருந்தது.

நாளை மாலை தோரி மாத விருந்து. குளிர் உச்சத்தில் இருக்கும் அந்த மாதத்தில் ஊர் கூடிச் சாப்பிடுவது பழைய வழக்கம். இந்த வருடம் மலைக்கு அந்தப் பக்கத்துச் சாண்ட்விக் மீனவர்களும் வருகிறார்கள். மாதக்கணக்கில் புளிக்கவைத்த சுறாமீனைக் கொண்டுவருவார்கள். அதை வாயில் போட்டால் உடனே ஒரு துண்டு இனிப்பு ரொட்டியும் போட்டாக வேண்டும். இல்லாவிட்டால் கண்ணில் தண்ணீர் நிற்காது.

"ரொட்டி என் பொறுப்பு" என்று ஊர் மன்றத்தில் கையைத் தூக்கியவள் ஸ்வாலாதான். வயது பதினொன்று. விருந்துக்குத் தலைவியான டாக்னி தயங்கியபோது, "என் ரொட்டியைச் சாப்பிட்டா சாண்ட்விக்காரங்க ஊருக்கே திரும்பிப் போகமாட்டாங்க" என்று பெரிய வாயும் பேசியிருந்தாள்.

இப்போது கையில் இருப்பதோ மாவுச் சட்டி.

பக்கத்தில் மற்றவர்களும் தங்கள் சட்டிகளைத் தோண்டி எடுத்தார்கள். ஒவ்வொரு மூடியாகத் திறந்தது. ஒவ்வொரு முகமாகச் சுருங்கியது. எல்லாமே மாவு.

"புதன்கிழமை பூமி ஆடுச்சே, அதுதான் வேலையைக் காட்டியிருக்கு" என்றார் ஒருவர்.

ஆடியது உண்மைதான். ஆனால் அங்கே நிலம் ஆடுவதை யார் கணக்கில் வைப்பார்கள்? ஸ்வாலாவின் அம்மா சாய்ந்த படத்தை நேராக்கிவிட்டு, விட்ட இடத்திலிருந்து சூப்பைக் குடித்தாள். அவ்வளவுதான்.

டாக்னி விறுவிறுவென்று வந்தாள். சட்டியைப் பார்த்தாள்.

"முடிஞ்சுது. சாண்ட்விக்குக்குப் போன் போட்டுச் சொல்லிடறேன். ரொட்டியும் அவங்களே கொண்டுவரட்டும்."

கரையில் இருந்த எல்லோரும் நிமிர்ந்தார்கள். சாண்ட்விக்காரர்களிடம் ரொட்டி கேட்பதா! 'உங்க ஊர்ல சூடான மண்ணை விட்டா வேற என்ன இருக்கு?' என்று ஏற்கெனவே கேட்பவர்கள் அவர்கள். இனி அந்தச் சூடான மண்ணும் இல்லை என்று தெரிந்தால் பேரன் காலம்வரை சொல்லிச் சிரிப்பார்கள்.

"வேண்டாம் டாக்னி!" என்றாள் ஸ்வாலா. "வேற ஏதாவது வழி பார்க்கறேன்."

"என்ன வழி? மன்றத்தோட இந்தப் பெரிய சட்டி எந்த வீட்டு அடுப்புலயும் நுழையாது. கடைக்குப் போகலாம்னா மலைப்பாதை மூடிக்கிடக்கு. உங்க அம்மா பனி தள்ளற வண்டியோட காலையிலேருந்து அங்கேதான் மல்லுக்கட்டறா."

"பூமி அடுப்பை அணைச்சிருக்காது, டாக்னி. நகர்த்தி வெச்சிருக்கும். நான் தேடறேன்."

டாக்னி வானத்தைப் பார்த்தாள். தை மாதத்துச் சூரியன் அங்கே வந்த சுவடு தெரியாமல் போய்விடும்.

"தெருவிளக்கு எரியறவரைக்கும் பொறுக்கறேன். எரிஞ்சதும் போன்."

ஸ்வாலா ஓர் இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டாள். பிரேகி ஒரு குச்சியை எடுத்துக்கொண்டான். இருவரும் கரையோரமாகக் குத்திக் குத்திப் பார்த்துக்கொண்டே போனார்கள். கம்பியை வெளியே இழுத்துத் தொட்டால் சில்லென்று இருந்தது. இன்னும் கொஞ்சம் தள்ளிக் குத்தினாலும் சில்.

வேறு நாளாக இருந்தால் பனி உருகிய இடம் தானே காட்டிக்கொடுத்துவிடும். அன்று காற்று பனியைப் படுக்கைவாட்டில் வாரி வாரி அடித்தது. எங்கே பார்த்தாலும் ஒரே வெள்ளை.

"அக்கா, என் மூக்கு இருக்கா?"

"இருக்கு, இருக்கு. நட."

அப்படியே இல்லுகியின் வேலிவரை வந்துவிட்டார்கள். உள்ளே ஒரே கூச்சல்.

"வாடா! கொட்டகைக்கு வாடான்னா! உன் கால்ல விழணுமா?"

இல்லுகி ஒரு கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார். கயிற்றின் மறுமுனையில் சோர்லி என்ற குதிரை. குள்ளமான, தடித்த, வயதான குதிரை. கயிறு விறைத்தது, இல்லுகி சிவந்தார், சோர்லி அசையவில்லை.

இல்லுகியைப் பற்றி ஒரு வார்த்தை. அவரிடம் வைக்கோல் வாங்கப் போனவர் வைக்கோலோடு ஒரு ஓட்டை வாளியையும் சேர்த்து வாங்கிக்கொண்டுதான் திரும்புவார். திரும்பும்போது நன்றியும் சொல்லியிருப்பார்.

"என்ன ஆச்சு இல்லுகி?" என்றாள் ஸ்வாலா. அந்த நாட்டில் பிரதமரையே பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். இல்லுகி எந்த மூலை?

"புதன்கிழமை ராத்திரியிலேருந்து இப்படியே நிக்கறான். கொட்டகைக்கு வரமாட்டேங்கறான். வைக்கோலைக்கூட நான்தான் இங்கே சுமந்துட்டு வரணும். கால் விழுந்துபோச்சோ என்னமோ. டாக்டரால பாதையைத் தாண்டி வர முடியலை."

சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். "காத்து கண்ணுல அடிக்குது" என்றார். காற்று அவருக்குப் பின்பக்கத்திலிருந்து வீசிக்கொண்டிருந்தது.

ஸ்வாலா குதிரையைப் பார்த்தாள். முதுகில் பனி ஏறியிருந்தது. பிடரியில் பனிக்கட்டி தொங்கியது. ஆனால் வயிற்று மயிர் உலர்ந்து புசுபுசுவென்று இருந்தது. இன்னும் கீழே பார்த்தாள். குளம்புகள் சேற்றில் நின்றன.

சேறு! ஊரே கல்லாய் உறைந்துகிடக்கும்போது இங்கே மட்டும் எப்படிச் சேறு?

பிரேகியும் பார்த்துவிட்டான். அக்காவின் காதில் கிசுகிசுத்தான்.

"சொல்லாதே! அவர் டிராக்டரை வெச்சுக் குதிரையை இழுத்துட்டுப் போகட்டும். அப்புறம் வேலிக்கு அடியில நுழைஞ்சு புதைச்சுடலாம்."

யோசனை என்னவோ நல்ல யோசனைதான். இல்லுகிக்குத் தெரிந்தால் பேரம் பேசியே பாதி ராத்திரியாக்கிவிடுவார். தெருவிளக்கு எந்த நேரமும் எரியலாம்.

இல்லுகி சோர்லியின் கழுத்தைத் தடவினார். "இருபது வருஷம் எனக்கு உழைச்சவன். இழுத்தா வலிக்குமோ என்னமோ" என்று தனக்குத்தானே முணுமுணுத்தார்.

ஸ்வாலா ஒரு பெருமூச்சு விட்டாள்.

"இல்லுகி, இழுக்காதே. அவனுக்கு ஒண்ணும் இல்லை. குளிர் காயறான்."

"என்னது?"

"கையுறையைக் கழட்டித் தரையைத் தொட்டுப் பாரு. ஏரிக்கரைச் சூடு இங்கே வந்திருக்கு."

இல்லுகி குனிந்து தொட்டார். வெதுவெதுப்பாக இருந்தது. ஸ்வாலாவின் கம்பியை வாங்கிச் சோர்லிக்குச் சற்றுத் தள்ளிக் குத்தினார். வெளியே இழுத்தபோது கம்பியின் முனையிலிருந்து ஆவி பறந்தது.

"திருட்டுப் பயலே!" என்று குதிரையைக் கட்டிக்கொண்டார். "நான் ரெண்டு ராத்திரியாத் தூங்கலை, நீ இங்கே சொகுசாக் குளிர் காஞ்சுக்கிட்டு நிக்கறியா!"

சோர்லி ஒரு காதை மட்டும் ஆட்டியது.

இல்லுகி நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது. அது வைக்கோல் விற்கும் முகம்.

"அப்போ, ஊர் அடுப்பு இப்போ என் வேலிக்குள்ளே இருக்கு."

பிரேகி தலையில் கைவைத்துக்கொண்டான். "சொன்னேனே, கேட்டியா!"

"விருந்து ரொட்டியை இங்கே புதைக்கணும், இல்லுகி" என்றாள் ஸ்வாலா.

"தாராளமா. ஆனா பரிமாறும்போது 'இது இல்லுகி ரொட்டி'ன்னு டாக்னி சத்தமாச் சொல்லணும்."

"மாவு பிசையறது நான். உன் பேரா?"

"மண்ணு என்னுது, புள்ள."

"மண்ணு உன்னுது. சூடு உன்னுதா? காசு குடுத்து வாங்கினியா?"

இல்லுகிக்கு இது பிடித்திருந்தது. இரண்டு கைகளையும் தேய்த்துக்கொண்டார். "சரி, பேர் வேண்டாம். விருந்துல சுறாவுக்குப் பக்கத்துல எனக்கு இடம் போடாதே. வாடை ஆகாது. ரொட்டியில ஓரத்துண்டு எனக்கு. அப்புறம் சோர்லியைக் கிளப்பக்கூடாது."

"ஓரத்துண்டு தர்றேன். இடம் டாக்னி கையில இருக்கு, கேட்டுப் பார்க்கறேன். சோர்லியை யாரும் கிளப்பலை. ஆனா குழி நீதான் தோண்டணும்."

"நானா? முதுகு வலி இருக்கே எனக்கு."

"அப்போ சரி, விடு. டாக்னி சாண்ட்விக்குக்குப் போன் போட்டுடுவா. அவங்களே ரொட்டி கொண்டுவருவாங்க. உன் மச்சான் அங்கேதானே இருக்கான்? அவன் கையாலேயே உன் தட்டுல எடுத்து வைப்பான்."

இல்லுகி ஒரு கணம் அந்தக் காட்சியை நினைத்துப் பார்த்தார்.

"மண்வெட்டி எங்கே?" என்றார்.

ஸ்வாலாவும் பிரேகியும் வீட்டுக்கு ஓடினார்கள். ரை மாவு, மோர், பாகு, உப்பு, சோடா மாவு. ஸ்வாலா கலக்கினாள், பிரேகி பாகு வழிந்த ஜாடியைக் கவனித்துக்கொண்டான். பழைய மாவு கோழிகளுக்குப் போயிற்று. அவை குறை ஒன்றும் சொல்லவில்லை.

சட்டியைச் சறுக்குப் பலகையில் வைத்து இழுத்துக்கொண்டு வரும்போது தெருவிளக்குகள் எரிந்துவிட்டன. அவர்களைத் தேடி வந்த டாக்னி வேலி ஓரத்தில் போனைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தாள்.

"போட்டுட்டியா?" என்றாள் ஸ்வாலா மூச்சு வாங்க.

"விரல் குளிர்ல விறைச்சுப்போச்சு. நம்பரை அமுக்க வரலை" என்றாள் டாக்னி. பிறகு ஆவி பறக்கும் குழியைப் பார்த்தாள். "நல்லதாப் போச்சு" என்று போனைப் பைக்குள் போட்டாள்.

"எல்லாரும் தள்ளி நில்லுங்க, ஆவி சுடும்" என்றார் இல்லுகி. சட்டியைக் குழியில் இறக்கி மண்ணைத் தள்ளினார். அதுவரை ஓரமாக விலகி நின்ற சோர்லி, மண் மூடியதும் நிதானமாக நடந்து வந்தது. சட்டிக்கு நேர் மேலே நின்றுகொண்டு கண்ணை மூடியது.

"காவலுக்குச் சம்பளம் கேட்பானோ?" என்றாள் டாக்னி.

"கேட்க மாட்டான். அவனுக்கும் சேர்த்து நான் கேட்பேன்" என்றார் இல்லுகி.

மறுநாள் பிற்பகல் காற்று நின்றது. மலைப்பாதையைத் திறந்துவிட்டு ஸ்வாலாவின் அம்மா ராக்னா பனி வண்டியிலேயே நேராக வந்தாள்.

"சாண்ட்விக் பஸ் எனக்குப் பின்னாடியே வருது. ராத்திரி பகலா வழி வெட்டி அவங்களை வரவழைச்சிருக்கேன். ரொட்டி இருக்கா, இல்லை அதே வழியில திருப்பி அனுப்பட்டுமா?"

எல்லோரும் குழியைச் சுற்றி நின்றார்கள். இல்லுகி தோண்டினார். சட்டி மேலே வந்தது. ஸ்வாலா தடித்த கையுறைகளை மாட்டிக்கொண்டு மூடியில் கையை வைத்தாள். திறக்கப் பயமாக இருந்தது.

"திற அக்கா. மாவா இருந்தா என்கிட்டே கரண்டி இருக்கு" என்றான் பிரேகி. உண்மையிலேயே கொண்டுவந்திருந்தான்.

மூடி திறந்தது. முதலில் ஆவி வந்தது. பிறகு பாகு மணம் வந்தது. ஆவி விலகியபோது உள்ளே கறுத்த பழுப்பு நிறத்தில், சட்டி நிறைய ரொட்டி பளபளவென்று உட்கார்ந்திருந்தது.

"பஸ் வரட்டும்" என்றாள் ராக்னா.

மன்றத்தில் அன்று உட்கார இடமில்லை. ஆட்டுத்தலையும் சுறாவும் உலர்மீனும் வந்தன. நடுவில் வெண்ணெய் தடவிய ரொட்டி வந்தது. "மண் இல்லுகியுது, மாவு ஸ்வாலாவுது" என்று டாக்னி அறிவித்தாள். இல்லுகியைச் சுறாவுக்கு நேர் எதிரில்தான் உட்கார வைத்தாள். மற்ற இடங்கள் நிறைந்துவிட்டனவாம்.

இல்லுகியின் மச்சான் ஒரு துண்டை எடுத்தார், மோந்தார், கடித்தார். மெல்ல ஆரம்பித்தவர் பேசவே இல்லை. இரண்டாவது துண்டையும் எடுத்தார்.

"என்ன, சத்தத்தையே காணோம்?" என்றார் இல்லுகி.

"பேசினா மூணாவது துண்டை நீ எடுத்துடுவே" என்றார் மச்சான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. விடிவதற்குள் இல்லுகியின் வேலி வாசலில் ஊரே நின்றது. ஆளுக்கொரு சட்டி, ஆளுக்கொரு பேச்சு. நான் முதல், நீ முதல் என்று தள்ளுமுள்ளு. இல்லுகி ஜன்னல் வழியே ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஸ்வாலாவுக்குப் போன் செய்தார்.

"புள்ள, இத்தனை பேர்கிட்டே ஒரே நேரத்துல பேரம் பேச என்னால முடியாது. நீ வந்து பாரு."

ஸ்வாலா வந்து வேலிமேல் ஏறி உட்கார்ந்தாள். சோர்லி சூடான இடத்தில் படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது.

"வரிசையில நில்லுங்க" என்றாள் சோர்லியைக் காட்டி. "அவர் இன்னும் எழுந்திருக்கலை."